தவளேஸ்வரம் ஒருநாள் பயணம்: கோதாவரிக் கரையும் பழைய லாக்குகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திராவில் ராஜமுந்திரிக்குத் தெற்கே, கோதாவரியின் இடது கரையில் இருக்கிறது தவளேஸ்வரம். ஆங்கிலேய என்ஜினியர் ஆர்தர் காட்டன் 1852-இல் கட்டி முடித்த அணைக்கட்டால் பெயர் பெற்ற ஊர். அணையைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பாலத்தில் வண்டியை நிறுத்தி நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அணையின் பக்கத்திலேயே, கால்வாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் லாக்கை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஆதங்கத்தில் எழுதியது இந்தப் பக்கம். சென்னையிலிருந்து போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இதில் பதில் இருக்கிறது.

லாக் என்கிறீர்களே, அது மதகா, ஷட்டரா?

இரண்டும் இல்லை. மதகு தண்ணீர் போவதற்கு, லாக் படகு போவதற்கு. ஆற்றில் தண்ணீர் ஒரு மட்டத்திலும் கால்வாயில் வேறொரு மட்டத்திலும் இருக்கும்போது, படகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் கல் தொட்டிதான் லாக். தொட்டியின் இரண்டு முனையிலும் இரட்டைக் கதவு உண்டு. படகு கீழிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு, கதவை மூடிவிடுவார்கள். பிறகு மேல்பக்கம் இருக்கும் சின்ன மதகைத் திறப்பார்கள். தண்ணீர் மெல்ல உள்ளே வர, அதோடு சேர்ந்து படகும் ஏறும். தொட்டியின் மட்டமும் மேலே இருக்கும் தண்ணீரின் மட்டமும் ஒன்றாகும் வரை மேல்கதவை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. ஒன்றாகிவிட்டால் இரண்டு ஆள் போதும்.

இதில் பம்ப் கிடையாது, எஞ்சின் கிடையாது. தண்ணீரின் எடையும் மனிதர்களின் கையும்தான். ரயில் வராத காலத்தில் கோதாவரி டெல்டாவின் நெல் மூட்டைகள் இந்தக் கல் தொட்டிகளில் ஏறி இறங்கித்தான் ஊர் ஊராகப் போயின.

தவளேஸ்வரத்தில் ஏன் லாக் கட்டினார்கள்?

ஆற்றின் குறுக்கே அணை வந்தால் பாசனத்துக்கு நல்லது, ஆனால் படகின் வழி அடைபட்டுப்போகும். காட்டனுக்குப் பாசனம் எவ்வளவு முக்கியமோ அதே அளவு படகுப் போக்குவரத்தும் முக்கியம். இந்தியாவுக்கு ரயிலைவிட நீர்வழியே மலிவு, நீர்வழியே ஏற்றது என்று கடைசி வரை வாதாடியவர் அவர். அதனால் கால்வாய்களைப் பாசனத்துக்கும் படகுக்கும் சேர்த்தே அமைத்தார்கள். அணையிலிருந்து மூன்று பெரிய கால்வாய்த் தொகுதிகள் பிரிகின்றன. தவளேஸ்வரத்தில் கிழக்கு டெல்டா, நடுவில் பொப்பர்லங்கா தீவில் மத்திய டெல்டா, எதிர்க்கரையில் விஜ்ஜேஸ்வரத்தில் மேற்கு டெல்டா. கால்வாய்க்குத் தண்ணீர் விடும் தலைமதகு ஒரு பக்கம், படகுக்கு லாக் இன்னொரு பக்கம் என்பதுதான் அமைப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. கோதாவரி வெள்ளத்தில் ஏறினால் ஆற்றின் மட்டம் கால்வாயைவிட வெகு உயரத்துக்குப் போய்விடும். அப்போது டெல்டாவின் ஊர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே நிற்பவை கரையும் தலைமதகும் லாக் கதவும்தான்.

சென்னைக்காரர்கள் இதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும் என்பேன். காரணம், மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பறக்கும் ரயில் தூண்களுக்கு அடியில் கறுத்துக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய், அதிலிருந்து வடக்கே நீளும் நீர்வழி இங்கே வந்து சேர்கிறது.

வரைபடத்தை எடுத்து விரலால் கோடு போட்டுப் பாருங்கள். காக்கிநாடா துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய படகு, காக்கிநாடா கால்வாயில் சுமார் 50 கிலோமீட்டர் வந்து தவளேஸ்வரம் லாக்கில் ஏறி, அணைக்கு மேலே தேங்கி நிற்கும் கோதாவரிக்குள் நுழையும். அகண்ட ஆற்றைக் குறுக்கே கடந்து, எதிர்க்கரையில் விஜ்ஜேஸ்வரம் லாக்கில் இறங்கும். அங்கிருந்து விஜயவாடா வரை ஏலூரு கால்வாய், சுமார் 139 கிலோமீட்டர். இந்தக் கால்வாய் வேடிக்கையானது. கோதாவரியிலிருந்து ஒரு கால்வாயும் கிருஷ்ணாவிலிருந்து ஒரு கால்வாயும் வந்து ஏலூரு அருகே சந்திக்கின்றன. அதாவது படகு ஏலூரு வரை லாக் லாக்காக இறங்கி, பிறகு விஜயவாடா வரை லாக் லாக்காக ஏற வேண்டும். அப்புறம் கிருஷ்ணா நதியைக் கடந்து கொம்மமூர் கால்வாய், சுமார் 113 கிலோமீட்டர், பெத்தகஞ்சம் வரை. அதிலிருந்து வடக்கு பக்கிங்காம் கால்வாய், சுமார் 316 கிலோமீட்டர், சென்னை வரை. சென்னைக்குத் தெற்கே இன்னும் 110 கிலோமீட்டர் போனால் மரக்காணம்.

பக்கிங்காம் கால்வாயின் முதல் துண்டு 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் வாடியவர்களுக்குக் கூலி வேலையாக, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. 2008-இல் இந்த முழு வழியும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளும் சேர்த்து, காக்கிநாடா முதல் புதுச்சேரி வரை தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு இருக்கிறது, தொடர்ந்து ஓடும் படகுகள்தான் இல்லை.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து ராஜமுந்திரிக்கு ரயிலில் சுமார் 580 கிலோமீட்டர், விஜயவாடா வழி. இரவு வண்டியில் ஏறினால் காலையில் இறங்கலாம். சர்க்கார் எக்ஸ்பிரஸ் இந்த வழிக்காரர்களின் பழைய வண்டி. கோரமண்டலும் ராஜமுந்திரியில் நிற்கும். நேரம் அவ்வப்போது மாறுவதால் முன்பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து தவளேஸ்வரம் எட்டு கிலோமீட்டருக்குள்தான். பஸ் உண்டு, ஷேர் ஆட்டோ உண்டு. நாலு பேராகப் போனால் ஒரு ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்வதே வசதி. அணையின் மேல் எதிர்க்கரை வரை போய்வர அது உதவும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயில் தாங்கும்படி இருக்கும், கால்வாய்களில் தண்ணீர் ஓடும், வயல்கள் பச்சையாக இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் மராமத்துக்காகக் கால்வாயை அடைப்பது வழக்கம். வெயிலும் கொளுத்தும். ஆனால் லாக்கின் அடித்தளத்தையும் கதவின் கீழ்ப்பகுதியையும் பார்க்க ஆசைப்படும் என்ஜினியர் மனசுக்காரர்களுக்கு அதுதான் சரியான நேரம். தண்ணீர் இருக்கும்போது பாதி லாக் கண்ணுக்குத் தெரியாது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை கோதாவரி பொங்கும் காலம். தவளேஸ்வரத்தில் நீர்மட்டம் 11.75 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 13.75-இல் இரண்டாவது, 17.75-இல் மூன்றாவது. இந்த எண்கள் தெலுங்குச் செய்திகளில் கிரிக்கெட் ஸ்கோர் போல ஓடும். 1986 ஆகஸ்ட் வெள்ளத்தில் விநாடிக்கு சுமார் 35 லட்சம் கன அடி தண்ணீர் இந்த இடத்தைத் தாண்டிப் போனது. மேட்டூரிலிருந்து ஒன்றிரண்டு லட்சம் கன அடி திறந்தாலே நம் காவிரிக் கரை ஊர்கள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை அமலில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2027-இல் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நீராட்டு விழாவான கோதாவரி புஷ்கரம் வருகிறது. நீராடப் போகிறவர்கள் போகலாம். லாக் பார்ப்பதற்கு அந்த நாட்கள் உதவாது.

லாக்கில் நின்றால் என்னதான் தெரியும்? பழைய கல்லும் கதவும்தானே?

கல்லும் கதவும்தான். ஆனால் பார்க்கத் தெரிந்தால் அதுவே ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

முதலில் கதவுகள் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். இரண்டு இலைகளும் நேர்கோட்டில் மூடாது. தண்ணீர் வரும் திசையை நோக்கிக் கொஞ்சம் முன்தள்ளி, ஒரு கோணத்தில் சேரும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக இரண்டு இலையும் ஒன்றையொன்று நெருக்கும். தாழ்ப்பாள் வேண்டாம், தண்ணீரே தாழ்ப்பாள். அந்தச் சேர்க்கையில் எங்கோ ஒரு மயிரிழை இடைவெளி வழியாகத் தண்ணீர் விசிறி போலப் பீய்ச்சிக்கொண்டிருந்தால், அழுத்தம் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, பக்கச் சுவரில் கதவு திறந்து மடங்கி ஒதுங்குவதற்காக விட்ட பள்ளத்தைப் பாருங்கள். திறந்த கதவு சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படகு இடிக்கும். கதவு சுழலும் மூலையில் கல்லை அரைவட்டமாகக் குடைந்திருப்பார்கள். அந்தக் குடைவு பிசகினால் லாக்கே ஒழுகும். கதவை எத்தனை தடவையும் மாற்றிக்கொள்ளலாம், அந்தக் கல்லைச் செதுக்கியவனின் கை பிசகியிருக்கக் கூடாது. சுவரின் விளிம்புக் கற்களில் கயிறு உரசித் தேய்ந்த தடம் ஏதாவது இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

இது நீர்வளத் துறையின் இடம். ஊழியர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். தெலுங்கில் ‘லாக்குலு’ என்று கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள்.

படகில் போய் லாக்குக்குள் ஏறி இறங்க முடியுமா?

அப்படி ஒரு சவாரி இருந்தால் முதல் டிக்கெட் நான் வாங்குவேன். சுற்றுலாப் படகுகள் ஆற்றில் மேல்பக்கம் பாபிகொண்டலு மலை இடுக்கை நோக்கிப் போகின்றன, லாக் வழியாகப் போவதில்லை.

கால்வாய்ப் போக்குவரத்து செத்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். ரயில் வந்தது, லாரி வந்தது, பக்கிங்காம் கால்வாயை 1960-களின் புயல்கள் குலைத்தன. எல்லாம் உண்மை. இவற்றோடு அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. ஒவ்வொரு முறை படகு லாக்கைக் கடக்கும்போதும் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடும். மழைக்காலத்தில் அது பொருட்டில்லை. கோடையில் படகுக்காரருக்கும் விவசாயிக்கும் ஒரே தண்ணீர் என்று ஆகும்போது யார் பக்கம் முடிவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வயல் ஜெயித்தது நியாயம்தான். ஆனால் மழைக்காலத்துக்காவது படகை விட்டுவைத்திருக்கலாம்.

காட்டன் கட்டிய பழைய அணை அப்படியே இருக்கிறதா?

இன்று வேலை செய்வது அது இல்லை. 1970-இல் தொடங்கிக் கட்டிய புதிய கதவணைதான் இப்போது ஆற்றைத் தடுக்கிறது. அதற்கும் காட்டன் பெயரையே வைத்திருக்கிறார்கள். மொத்தம் 175 கதவுகள், நான்கு பகுதிகளாக: தவளேஸ்வரம் 70, ராலி 43, மத்தூர் 23, விஜ்ஜேஸ்வரம் 39. நடுவே மணல் தீவுகள். இந்தத் தீவுகள்தான் காட்டன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். ஆறு இங்கே பல கிளையாக விரிந்து ஓடுவதால் ஒவ்வொரு கிளையாக அடைக்கலாம். இன்னொரு காரணம் தவளேஸ்வரம் குன்று. கல் பக்கத்திலேயே கிடைத்தது. அதைச் சுமக்கத் தண்டவாளம் போட்டார்கள். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-இல் பம்பாயில் ஓடுவதற்கு முன்பே இங்கே கல் ரயில் ஓடிவிட்டது.

பாலத்தின் மேல் சாலை இருக்கிறது. தவளேஸ்வரத்திலிருந்து விஜ்ஜேஸ்வரம் வரை மெதுவாக ஒரு தடவை போய்வாருங்கள். ஆற்றின் அகலம் படத்தில் பிடிபடாது.

காட்டனை இங்கே சாமி மாதிரி கும்பிடுகிறார்களாமே?

டெல்டா கிராமங்களில் குதிரை மேல் உட்கார்ந்த காட்டன் சிலைகளை நிறையப் பார்ப்பீர்கள். ‘காட்டன் தொர’ என்பார்கள். 1830-களில் இந்தப் பகுதி பஞ்சத்தில் மடிந்தது. 1839-இல் புயல் வந்து கடற்கரையை அழித்தது. கோதாவரி பக்கத்திலேயே ஓடியும் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. 1847-இல் வேலை தொடங்கி ஐந்தே ஆண்டில் அணை நின்றது. கஞ்சிக்கு வழியில்லாத மாவட்டம் சோறு போடும் மாவட்டமானது. அந்த நன்றியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் தமிழர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். காட்டன் பாடம் படித்தது காவிரியில். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போட முடியும் என்பதைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை, அணைக்கரையில் கீழணை. அந்த அனுபவத்தைக் கொண்டுதான் கோதாவரிக்கு வந்தார். கல்லணையைக் கட்டியவர்களின் அறிவு முக்கொம்பு வழியாகத் தவளேஸ்வரம் வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே அவருடன் உழைத்த இந்திய என்ஜினியர் வீணம் வீரண்ணாவின் பெயரையும், வெயிலில் கல் சுமந்த ஆயிரக்கணக்கான கூலிகளையும் விட்டுவிட்டுச் சொன்னால் கதை பாதிதான். கிழக்கிந்தியக் கம்பெனி பணம் போட்டதும் கருணையால் மட்டும் அல்ல. விளைந்தால் வரி வரும் என்று கணக்குப் போட்டது.

காட்டன் அருங்காட்சியகம் பார்க்கத் தக்கதா?

ஆம், அதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அணையின் பக்கத்திலேயே இருக்கிறது. அணை, மதகு, கால்வாய் மாதிரிகள், பழைய படங்கள், வரைபடங்கள், வெளியே கட்டுமானக் காலத்து இயந்திரங்கள். மாதிரியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அசலைப் பார்த்தால் குழந்தைகளுக்கும் சட்டென்று புரியும். பிறகு லாக், பிறகு பாலம், உச்சி வெயிலுக்கு முன் குன்றின் மேல் ஜனார்த்தன சுவாமி கோயில். மதியம் ராஜமுந்திரிக்குத் திரும்பிவிடலாம்.

ராஜமுந்திரியில் மாலை வரை என்ன செய்வது?

ஆற்றங்கரைக்குப் போங்கள். புஷ்கர கட்டத்தில் படியில் உட்கார்ந்தால் மூன்று தலைமுறைப் பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். 1900-இல் ரயில் ஓடத் தொடங்கி 1997-இல் ஓய்வு பெற்ற ஹேவ்லாக் பாலம், 1974-இல் வந்த சாலையும் ரயிலும் சேர்ந்த பாலம், 1990-களின் வில் வளைவுப் பாலம். ஹேவ்லாக் பாலம் வந்ததும் கால்வாய்ப் படகுகளுக்குப் பெரிய போட்டி முளைத்துவிட்டது. காலையில் லாக்கைப் பார்த்தவர்கள் மாலையில் அந்தப் பாலத்தைப் பார்ப்பது பொருத்தம்.

ஊரின் பெயருக்குக் காரணமானவர்களாகக் கீழைச் சாளுக்கிய அரசர்களைச் சொல்வார்கள். அவர்களில் 11-ஆம் நூற்றாண்டின் ராஜராஜ நரேந்திரன் நமக்கு உறவுக்காரர். அவருடைய தாய் குந்தவை, முதலாம் ராஜராஜ சோழனின் மகள். (தமக்கை குந்தவை வேறு, மகள் குந்தவை வேறு.) மனைவி அம்மங்கை, ராஜேந்திர சோழனின் மகள். இவர்களின் பிள்ளைதான் பின்னாளில் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். நன்னய்யா தெலுங்கில் மகாபாரதம் பாடத் தொடங்கியதும் இந்த நரேந்திரனின் அவையில்தான்.

சாப்பாடு?

கவலை வேண்டாம். ஆந்திரா மீல்ஸ் எங்கும் கிடைக்கும், காரம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராஜமுந்திரி ரோஸ் மில்க் பிரசித்தம். வெள்ளக் காலத்தில் போனால் புலசா மீன் பேச்சாக இருக்கும். விலையும் பேச்சாக இருக்கும்.

சின்னக் குழந்தைகள், வயதானவர்களோடு போகலாமா?

போகலாம். நடை அதிகம் இல்லை. ஆனால் லாக் சுவர்களில் கைப்பிடி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொட்டிச் சுவர் செங்குத்தானது, பாசி வழுக்கும், உள்ளே விழுந்தால் பிடித்து ஏற எதுவும் இருக்காது. குழந்தையின் கையை விடவே விடாதீர்கள். கதவணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவதும் வேண்டாம். மேலே ஒரு கதவு உயர்ந்தால் கீழே மட்டம் எப்படி ஏறும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

இன்னொரு நாள் கையில் இருந்தால்?

கோதாவரிக் கிளைகளுக்கு நடுவே இருக்கும் டெல்டா பகுதியான கோனசீமைக்குள் போங்கள். பொப்பர்லங்காவிலிருந்து வரும் மத்திய டெல்டா கால்வாய் கிளை பிரியும் இடத்தில் லொல்ல லாக்குகள் இருக்கின்றன. தென்னை, கால்வாய், பழைய கட்டுமானம் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் தெலுங்கு சினிமாக்காரர்களுக்கு இது செல்லமான இடம். அதே வட்டாரத்தில்தான் பூதரேக்குலு இனிப்புக்குப் பெயர் போன ஆத்ரேயபுரம். காகிதத்தைவிட மெல்லிய அரிசித் தாளைச் சூடான பானையின் வெளிப்புறத்தில் பெண்கள் வார்த்து எடுப்பதை அங்கே பார்க்கலாம். வெல்லம் போட்டதை வாங்குங்கள், சர்க்கரையைவிட அதுதான் ருசி. இன்னும் தெற்கே பி.கன்னவரத்தில் ஆற்றின் ஒரு கிளைக்கு மேலேயே கால்வாயைக் கொண்டுபோகும் தொட்டிப் பாலம் இருக்கிறது. 1850-களில் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் இப்போது புதியதும் நிற்கிறது. அதற்குச் சொந்த வண்டியோ வாடகைக் காரோ வேண்டும். காலையிலேயே கிளம்பினால் இருட்டுவதற்குள் ராஜமுந்திரி திரும்பி இரவு ரயிலைப் பிடித்துவிடலாம்.